சூடு பாதி, நேரம் பாதி

பீங்கான் சூளைக்குள் வைக்கும் சாமான்களில் விலை மலிந்தது ஒரு சின்னக் கூம்பு. விரல் உயரம்தான் இருக்கும். பொம்மையும் இன்சுலேட்டரும் பதமாக வெந்துவிட்டனவா என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். சூடு ஏறும்வரை நிமிர்ந்து நிற்கும். வேண்டிய அளவு வெந்ததும் தலை சாய்ந்து வளைந்துவிடும். 1886-ல் பெர்லினில் ஹெர்மன் சீகர் என்ற வேதியியலாளர் உருவாக்கிய உத்தி இது. டிஜிட்டல் வெப்பமானி வந்த பிறகும் கூம்பு ஒழியவில்லை. வெப்பமானி அந்த நேரத்து டிகிரியை மட்டும் காட்டும். கூம்பு, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வெந்தது என்று இரண்டையும் சேர்த்துக் கணக்கு வைக்கும். நிதானமாகச் சூடேற்றினால் குறைந்த டிகிரியிலேயே வளையும். அவசரப்பட்டு ஏற்றினால் இன்னும் கொஞ்சம் சூடு கேட்கும்.

மனிதத் தோல் வேகும் கணக்கும் இதுவேதான். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் தோலில் பட்டால் 5 நொடி போதும், புண்ணாகிவிடும். 49 டிகிரியில் 10 நிமிடத்துக்குள் அதே கதி. வெறும் 44 டிகிரி, அதாவது குளிக்கிற வெந்நீரைவிடச் சற்றே கூடுதலான சூடு, 6 மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் அதுவும் தோலை வேகவைக்கும். இடுப்புக்கடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அசந்து தூங்கியவருக்குக் காலையில் கொப்புளம் தெரிவது இப்படித்தான். வைக்கும்போது இதமாகத்தான் இருந்தது என்பார். அவர் சொல்வது உண்மை. டிகிரியைப் பார்த்தவர் நேரத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒத்தடம் பற்றிய இந்த அத்தியாயம் விருத்தாசலத்தை வைத்து எழுதப்படுவதற்கு இந்தக் கூம்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், அங்கே வேலை செய்கிறவர்களின் உடம்பு.

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலும், நாலு திசைக்கும் ரயில் பிரியும் ஜங்ஷனும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த விருத்தாசலம். மின்கடைக்காரர்களுக்கும் கொலு பொம்மை வியாபாரிகளுக்கும் தெரிந்த விருத்தாசலம் வேறு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அதை நம்பி இங்கே செராமிக் தொழிற்பேட்டை எழுந்தது. செராமிக் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் அரசுப் பயிலகமும் இந்த ஊரில் இருக்கிறது. ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், அகல் விளக்கு, சாமி பொம்மை என்று சின்னச் சின்னப் பட்டறைகளில் வேலை நடக்கிறது.

ஒரு பொம்மை உருவாகும் வழியைப் பார்த்தாலே எங்கெங்கே வலிக்கும் என்று தெரிந்துவிடும். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சும். சுவர் பிடித்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். ஈரம் ஏறிய அச்சு நல்ல கனம். அதை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பும்போது பாரமெல்லாம் மணிக்கட்டிலும் கட்டைவிரல் அடியிலும் இறங்கும். பிறகு பிரித்தெடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சீராக்குவார்கள். கழுத்தைக் குனிந்து, முதுகைக் கூனி, கண்ணுக்கு நேரே பிடித்துச் செய்கிற வேலை இது. கடைசியில் சூளை அடுக்குகிறவர் பலகையைச் சுமந்து குனிந்து நிமிர்கிறார். மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று உடம்பில் வலி வர வாய்ப்புள்ள இடத்துக்கெல்லாம் ஒவ்வொரு வேலை இருக்கிறது.

இவர்களிடம் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொன்னால் நியாயமான கேள்வி ஒன்று வரும்: "நாள் பூரா வேக்காட்டுலதான் நிக்கிறோம், இன்னும் என்னா சூடு வேணும்?"

சூளை வாயில் நிற்கும்போது உடம்பு முழுக்கச் சூடாகிறது. அதைத் தணிக்க உடம்பு வியர்க்கிறது. நீரும் உப்பும் போகின்றன. நீர் குறைந்தால் தசை பிடித்து இழுக்கவும் செய்யும். ஒத்தடம் செய்வது வேறு வேலை. உடம்பின் சூட்டை ஏற்றாமல், வலிக்கிற ஒரு கையளவு இடத்தை மட்டும் 40 டிகிரிப் பக்கம் கொண்டுபோகிறது. ஆகவே சூளை வேலை முடித்தவர் வீட்டுக்கு வந்ததும் நேராக வெந்நீர்ப் பையைத் தேட வேண்டாம். நிழலில் உட்கார்ந்து, உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடித்து, உடம்பு ஆறிய பிறகு ஒத்தடத்துக்கு வரலாம். கத்திரி வெயில் நாட்களில் இரவுக்குத் தள்ளிப்போடுவதும் நல்லதுதான்.

சூடு உள்ளே போய் என்ன செய்கிறது?

தோலில் சூட்டை உணர்வதற்கென்றே நரம்பு நுனிகள் உண்டு. அவற்றில் ஒரு வகை வாயில் சுமார் 43 டிகிரியில் திறக்கும். மிளகாய்க் காரத்துக்கும் அதே வாயில்தான் திறக்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூட்டின் செய்தி தண்டுவடத்துக்கு ஓடும்போது, அதே வழியில் வரும் வலியின் செய்தி கொஞ்சம் அமுங்கிப்போகிறது. அடிபட்ட இடத்தைக் கையால் தேய்த்தால் வலி குறைவதுபோல் தோன்றுவதும் இதே ஏற்பாட்டால்தான். 1965-ல் மெல்சாக், வால் இருவரும் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார்கள்.

இது உடனே நடப்பது. அடுத்ததாக, சூடுபட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, தோல் சிவக்கிறது. வலியால் இறுகிக் கிடந்த தசை தளர்கிறது. மூட்டைச் சுற்றிய தசைநாரும் சவ்வும் சூடேறினால் கொஞ்சம் இழுபடும் தன்மை பெறுகின்றன. விறைப்புக்காக ஒத்தடம் கொடுப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்.

எவ்வளவு ஆழம் போகும் என்பதிலும் தெளிவு வேண்டும். மேலே வைக்கிற எந்தச் சூடும், பையோ உப்போ செங்கல்லோ, சுமார் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே பெரிதாக இறங்காது. கொழுப்பு தடித்த இடத்தில் அதுவும் இல்லை. விரல் மூட்டு, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் தோலை ஒட்டியே இருப்பதால் நல்ல பலன் கிடைக்கும். இடுப்பு மூட்டு சதைக்குள் புதைந்து கிடப்பது. வெளியே எத்தனை ஒத்தடம் கொடுத்தாலும் மூட்டுக்குச் சூடு போய்ச் சேராது, மேல் தசை மட்டும் இளகும்.

ஆய்வுகள் இதை எங்கே ஏற்றுக்கொள்கின்றன? கீழ்முதுகு வலிக்குச் சூடும் குளிரும் எப்படி உதவுகின்றன என்று 2006-ல் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு அலசியது. புதிதாக வந்த முதுகு வலியில், சூடு தரும் பட்டை சில நாட்களுக்கு ஓரளவு நிவாரணம் தருகிறது. கூடவே உடற்பயிற்சி சேர்ந்தால் பலன் கூடுகிறது என்பது அதன் முடிவு. 2017-ல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் வெளியிட்ட வழிகாட்டலும், புதிய முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் சூட்டைச் சேர்த்தது. மாதவிடாய் வலிக்கு அடிவயிற்றில் 39 டிகிரி அளவில் வைத்த சூடு, ஐபுபுரூஃபன் மாத்திரைக்கு ஈடாக வலியைக் குறைத்ததாக 2001-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த நாட்களில் பட்டறைக்கு வரும் பெண்கள் பலருக்கும் இது உதவக்கூடிய செய்தி. மாறாக, தேய்ந்த குருத்தெலும்பைச் சூடு வளர்க்கும் என்றோ, விலகிய தட்டைச் சரிசெய்யும் என்றோ எந்த ஆய்வும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

உப்பா, செங்கல்லா, வெந்நீரா?

சித்த மருத்துவம் வெளியே செய்யும் சிகிச்சைகளை 32 வகையாகப் பிரிக்கிறது. ஒற்றடம், வேது, பொட்டணம், தொக்கணம், பற்று எல்லாம் அந்தப் பட்டியலில் வருபவை. வறுத்த கல் உப்பு, தவிடு, மணல், வதக்கிய நொச்சி இலை, ஆமணக்கு இலை, எருக்கிலை, ஈரத் துணி சுற்றிய செங்கல் என்று ஒத்தடப் பொருட்களுக்குக் கணக்கில்லை. பீங்கான் ஊரில் சூளைக் கல்லும் உடைந்த ஓடும் காலடியிலேயே கிடக்கின்றன. எதை எடுப்பது என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் நேராகப் பதில் சொல்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் 60 டிகிரியிலிருந்து 40-க்கு ஆறும்போது சுமார் 84 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. 3 கிலோ எடையுள்ள செங்கல் அதே அளவு ஆறினால் விடுவது சுமார் 50 கிலோஜூல். அரைக் கிலோ கல் உப்பு விடுவது 9-கூட இல்லை. தண்ணீர் வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் திறன் அத்தனை பெரியது. அரைக் கிலோ உப்பு அந்த ஒரு லிட்டர் வெந்நீரின் வெப்பத்தைச் சுமக்க வேண்டுமென்றால் அதை 230 டிகிரிக்கு மேல் வறுக்க வேண்டும். உப்பு மூட்டை சீக்கிரம் ஆறிப்போகிறதே என்று வாணலியில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வறுப்பவர்கள் தெரியாமல் அந்தத் திசையில்தான் போகிறார்கள்.

பாட்டிமார் இதைச் சமாளித்த விதம் அழகானது. உப்பு மூட்டையை அவர்கள் வைத்துவிட்டுப் போவதில்லை. தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, இடம் மாற்றி மாற்றி ஒத்துவார்கள். மூட்டை அதிகச் சூடாக இருக்கும்போது தொடும் நேரம் ஒரு நொடி; ஆற ஆற நேரம் நீளும்; கடைசியில் அப்படியே அழுத்திப் பிடிப்பார்கள். டிகிரி குறையக் குறைய நேரத்தைக் கூட்டும் இந்தக் கை வாகில் சீகர் கூம்பின் கணக்கு முழுதாக இருக்கிறது. வெந்நீர்ப் பைக்குப் பழகிய தலைமுறை, உப்பு மூட்டையையும் பைபோல ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போனைப் பார்க்கும்போதுதான் தோல் வழன்றுபோகிறது.

செங்கல் விஷயத்தில் தொழிற்பேட்டைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சூளையிலிருந்து எடுத்த கல் மேலே கை பொறுக்கும் சூட்டில் இருந்தாலும் நடுவில் பல மடங்கு சூடு தேங்கியிருக்கும். துணி சுற்றிக் கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சூடு வெளியே வரும். நல்ல சூட்டில் இருக்கும் கல்லில் தண்ணீர் தெளித்தால் ஆவி சீறும், கல் வெடிக்கவும் செய்யும். கிளேஸ் பூசிய உடைசலின் ஓரம் பிளேடுக்குச் சமம். செங்கல் ஒத்தடம் வேண்டுமென்பவர் சாதாரண வீட்டுச் செங்கல்லை அடுப்பில் மெல்லச் சுடவைத்து, ஈரத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பயன்படுத்தட்டும். சூளைச் சாமான் சூளைக்கே இருக்கட்டும்.

இலைகளில் நொச்சியும் ஆமணக்கும் சாதுவானவை. எருக்கு அப்படியல்ல. அதன் பால் தோலில் பட்டால் தடிக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பறித்ததும் பால் வடியவிட்டு, கழுவித் துடைத்து வதக்கினாலும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது. இலை ஒத்தடத்தில் இருக்கிற ஈரச் சூடு உலர்ந்த சூட்டைவிடத் தோலுக்குள் வேகமாக இறங்கும். ஆகவே ஈர ஒத்தடத்துக்குக் குறைந்த சூடே போதும்.

வீட்டில் செய்வது

வெப்பமானி இல்லாத வீட்டுக்குச் செம்புக் கணக்கு கைகொடுக்கும். மணிக்கட்டும் விரலும் விறைத்திருந்தால் முக்கி வைக்க 40 முதல் 42 டிகிரி வெந்நீர் வேண்டும். ஒரு செம்பு கொதிநீருக்கு ஐந்து செம்பு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அங்கே வந்து நிற்கும். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீர் சில்லென்றிருக்கும். அப்போது நாலு செம்பு போதும். மே மாதப் பகலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டில் வரும், கொதிநீர் தேவையே இருக்காது. பத்து நிமிடம் கை முங்கியிருக்கட்டும். தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

வெந்நீர்ப் பைக்குக் கொதிநீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி. கொதிநீரை அப்படியே ஊற்றினால் ரப்பர் சீக்கிரம் விட்டுப்போகும். மூடி கழன்றால் வெந்துபோவது தொடை. பையில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். பிறகு பக்கவாட்டில் அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, தண்ணீர் விளிம்புக்கு வரும்போது மூடியைத் திருக வேண்டும். காற்று இருந்தால் பை உப்பிக்கொண்டு உடம்பில் படியாது. தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பார்த்து, தடித்த டர்க்கி டவலில் சுற்றி வைக்கலாம். பையை உடம்பின் மேல் வைக்க வேண்டும். பையின் மேல் உடம்பை வைக்கக் கூடாது. படுத்து அழுத்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, வந்த சூடு வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். வெளுத்துப்போன, விரலால் வளைத்தால் விரிசல் தெரிகிற பையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கஞ்சத்தனம் காட்டுகிற இடம் இதுவல்ல.

நேரம் 15 நிமிடம், மிஞ்சினால் 20. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். ஒரே சீரான இளஞ்சிவப்பு இருந்தால் சரி. வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். வயதானவருக்குக் கொடுக்கும்போது மகளோ மருமகளோ முதலில் தன் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வைப்பது வழக்கமாக வேண்டும். "சுடுதாம்மா?" என்று கேட்டால் மட்டும் போதாது, "இல்லடி, நல்லாதான் இருக்கு, வை" என்பதுதான் எப்போதும் வரும் பதில்.

ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தினமும் சூடு வைப்பவர்களுக்குத் தோலில் வலை பின்னியதுபோல் பழுப்புக் கோடுகள் விழும். இது கொப்புளம் வராத சூட்டிலேயே வரும். சூட்டை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மறையும். நிறுத்தாவிட்டால் நிலைத்துவிடும், பல வருடம் கழித்து அந்த இடத்தில் புற்று வந்த சம்பவங்களும் மருத்துவ இலக்கியத்தில் உண்டு.

எடுத்த பிறகு வரும் பத்து நிமிடம்

ஒத்தடத்தில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இளகிய தசையும் நாரும் அப்படியே இருக்கப்போவதில்லை. சில நிமிடங்களில் பழைய சூட்டுக்குத் திரும்பிவிடும். அதற்குள் மூட்டை அசைக்க வேண்டும். பையை எடுத்துவிட்டு இதமாகத் திரும்பிப் படுத்துக்கொள்பவருக்கு வலி ஒரு மணி நேரம் குறையும், விறைப்பு நாளைக்கும் இருக்கும்.

அச்சு பிடித்து மணிக்கட்டு இறுகியவர், உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நேரே நீட்டி, மறு கையால் விரல்களை மெல்லக் கீழ்நோக்கிச் சாய்த்து 20 எண்ணும்வரை பிடிக்கட்டும். பிறகு உள்ளங்கை கீழே பார்க்க அதேபோல் ஒருமுறை. மூன்று சுற்றுப் போதும். கழுத்துக்கு, நேரே பார்த்தபடி முகவாயைப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணிவிட்டு விடுவது. ஆரம்பத்தில் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் குனிந்தே பொம்மை துடைத்த கழுத்துக்கு இதைவிட எளிதான மருந்து இல்லை. முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை நசுக்குவதுபோல் காலை நேராக்கி ஐந்து எண்ணி விடுவதைப் பத்து முறை செய்யலாம். இடுப்புக்கு, மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுப் பக்கம் அணைப்பது. எதிலும் வலியைத் தாண்டி இழுக்கக் கூடாது.

காலை விறைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. மூட்டுத் தேய்மானத்தில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். இரண்டு கை விரல்களிலும் ஒரு மணி நேரம்வரை பிடிவாதமாக நிற்கிறது, மூட்டு வீங்கியும் இருக்கிறது என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் மருந்தும் வேண்டும். காலையில் வெந்நீரில் கை முக்குவது கூடவே நடக்கலாம். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் கையை உதறிக்கொண்டு எழுபவருக்கு மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. அங்கே ஒத்தடத்தைவிட, இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை அதிகம் உதவும்.

பிசியோதெரபி அறையில்

பெரிய மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் கை மூட்டுகளுக்கு மெழுகுத் தொட்டி வைத்திருப்பார்கள். ஏழு பங்கு பாரஃபின் மெழுகுக்கு ஒரு பங்கு திரவ பாரஃபின் சேர்த்து 52 முதல் 54 டிகிரியில் உருக்கி வைத்திருப்பார்கள். கையை முக்கி எடுத்து, மெழுகு உறைந்ததும் மறுபடி முக்கி, எட்டுப் பத்து அடுக்கு ஏற்றி, பிளாஸ்டிக் உறையும் துண்டும் சுற்றி 15, 20 நிமிடம் வைப்பார்கள். கிளேஸ் தொட்டியில் பொம்மையை முக்கி எடுப்பவருக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. அதே 54 டிகிரியில் தண்ணீர் இருந்தால் கை அரை நிமிடத்திலேயே வெந்துவிடும். மெழுகு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். தோலை ஒட்டி முதலில் உறைகிற அடுக்கே கவசமாகிவிடுகிறது. இதை வீட்டு அடுப்பில் மெழுகுவத்தியை உருக்கிச் செய்து பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். அதன் சூடு யார் கட்டுப்பாட்டிலும் இருக்காது, தீயும் பிடிக்கும்.

ஈர ஒத்தடத்துக்கு அங்கே கித்தான் பை இருக்கும். அதற்குள் பெரும்பாலும் பென்டோனைட் என்ற களிமண். தன் எடையைவிடப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும் மண் அது. 70, 75 டிகிரித் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் பையை எடுத்து, ஆறேழு மடிப்புத் துண்டில் சுற்றித்தான் உடம்பில் வைப்பார்கள். ஆழத்தில் சூடு வேண்டுமென்றால் 27.12 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஷார்ட்வேவ் டயதெர்மி. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அந்த இயந்திரத்தின் பக்கமே போகக் கூடாது. உடம்பில் பிளேட், ஸ்க்ரூ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லலாம்.

செராமிக் மணி கோத்த இடுப்புப் பட்டை, பச்சைக்கல் கட்டில் என்று விற்பவர்கள் "தூர அகச்சிவப்புக் கதிர் எலும்புவரை போகும்" என்பார்கள். பீங்கான் ஊரில் இருப்பவர்கள் இதற்கு மயங்க வேண்டியதில்லை. 40 டிகிரியில் இருக்கும் எந்தப் பொருளும் சுமார் 9 மைக்ரான் அலைநீளத்தில்தான் அதிகமாகக் கதிர் வீசும். செங்கல், இட்லிக் குண்டான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் எல்லாரும் வீசுவது அதே கதிர்தான். அது தோலின் மேல் அடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், எலும்பைப் பார்ப்பதில்லை. பட்டை கட்டினால் இதமாக இருப்பது சூட்டால். அந்தச் சூட்டை ஒரு வெந்நீர்ப் பையும் தரும்.

சூடு வைக்கக் கூடாத இடங்கள்

தமிழ்நாட்டில் இந்தப் பகுதிதான் மிக முக்கியம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இன்டியாப் ஆய்வின்படி இங்கே சர்க்கரை நோய் விகிதம் 14.4 சதவீதம். சர்க்கரை நாள்பட்டால் பாத நரம்புகள் மரத்துப்போகும். அப்படிப்பட்டவர் பாத எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைத்தால் வெந்ததே தெரியாது; மறுநாள் புண்ணைப் பார்த்துத்தான் தெரியும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும், சிலருக்கு விரலையே எடுக்க நேரும். மரத்த பாதத்துக்கு எந்த ஒத்தடமும் வேண்டாம். பக்கவாதத்தில் உணர்ச்சி இழந்த பக்கத்துக்கும் அதே விதி.

கால் பிசகிச் சுளுக்கினால் முதல் இரண்டு, மூன்று நாள் சூடு கூடாது. உள்ளே கசிந்துகொண்டிருக்கும் ரத்தத்தைச் சூடு இன்னும் கூட்டி வீக்கத்தைப் பெருக்கும். வீக்கம் வடிந்து விறைப்பு மட்டும் மிஞ்சும்போது சூட்டுக்கு வேலை வரும். சிவந்து, தொட்டாலே சுடுகிற மூட்டு, காய்ச்சலோடு வீங்கிய மூட்டு, சீழ் பிடித்த இடம், புற்றுக்கட்டி இருக்கும் இடம் எதிலும் ஒத்தடம் கிடையாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் நரம்புப் பிடிப்பு என்று நினைத்துத் தேய்ப்பதும் சூடு வைப்பதும் ஆபத்து. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை அதைத் தொடாமல் இருக்க வேண்டும்.

வலித் தைலம், பாம் தடவிய இடத்தின் மேல் சூடு வைக்கக் கூடாது. காரமும் சூடும் சேர்ந்து தோலைப் பொசுக்கும். தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இறங்கும். முதலில் ஒத்தடம், தோல் ஆறிய பிறகு தைலம் என்று வரிசை மாற்றினால் போதும். புற்றுநோய் வலிக்காக ஃபென்டனில் ஒட்டுப்பட்டை போட்டிருப்பவருக்கு அதன் மேலோ பக்கத்திலோ சூடு பட்டால் மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து மூச்சையே நிறுத்தக்கூடும்.

முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுகிறது, கால் பலமிழக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, படுத்தாலும் இரவெல்லாம் வலி விடவில்லை என்றால் பையை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலது அடிவயிற்று வலியும் அப்படித்தான். இடது தோளிலோ நெஞ்சிலோ இறுக்கி வலித்து, கூடவே குப்பென்று வியர்த்தால் அதை வாயுப் பிடிப்பு என்று உப்பு வறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.